அரை வாட்டும் ஐம்பது வாட்டும்

அன்புள்ள மகன்,

உன் கடிதம் கைக்கு வந்து பதினொரு நாளாகிறது. கலியாணத்துக்கு ஏழு கிழமைதான் இருக்கிறது. மண்டபம், ஐயர், கூறைச்சேலை என்று ஏதாவது கேட்டு எழுதியிருப்பாய் என்று நினைத்துக்கொண்டு பிரித்தேன். நீ கேட்டிருந்தது வேறு. கனடாவில் குடிபோகப் போகும் வீட்டில் பாட்டுக் கேட்பதற்கு நல்ல ஸ்பீக்கர் சோடி ஒன்று வாங்கிவிட்டாய். அதற்கு இருநூறு வாட் அம்பிளிபையர் ஒன்றைப் பரிசாகத் தருகிறேன் என்று உன் மாமனார் ஒற்றைக்காலில் நிற்கிறார். “அவ்வளவு வேணுமா அம்மா, நீங்கள் பௌதிகம் படிப்பித்தவர்தானே” என்று கேட்டிருந்தாய். அன்று பின்னேரமே பதில் எழுதினேன். இருநூறு வாட் வீண், விஷயம் தெரியாதவர்கள் செய்கிற ஆடம்பரம், மாமாவிடம் வேண்டாம் என்று சொல்லிவிடு என்று ஒன்றரைப் பக்கம். உறையில் போட்டு ஒட்டிக்கொண்டு தபாற்கந்தோருக்கு நடந்தேன். பாதி வழியில், முழங்கால் நோவோடு ஏன் இவ்வளவு வேகமாக நடக்கிறேன் என்று எனக்கே கேள்வி வந்தது. எழுதியதில் பிழை இல்லை. ஆனால் அதை எழுதியவள் பௌதிக ஆசிரியை அல்ல. என்னால் வாங்கித் தர ஏலாத ஒன்றை யாரோ ஒரு மனிதர் என் மகனுக்கு வாங்கித் தருகிறாரே என்று வயிறெரிந்தவள் எழுதியது அது. வீட்டுக்குத் திரும்பி வந்து கிழித்துப் போட்டேன்.

அந்த எரிச்சல் எனக்குப் புதிதில்லை. உனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது அது என்னைக்கொண்டு ஒரு காரியத்தைச் செய்வித்தது. அதன் ஒரு துண்டு உன் காதிலும் விழுந்திருக்க வேண்டும். நீ ஒருநாளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கலியாணத்துக்கு முன் உனக்குச் சொல்லிவிட வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது. உன் வாட் கேள்விக்குப் பதிலும் அதற்குள்ளேதான் இருக்கிறது.

வசந்திச் சித்தியும் நாங்களும் ஒரே வளவுக்குள் இரண்டு வீட்டில் இருந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். உட்துறைமுகத்துக்கு இறங்கிப் போகிற ஒழுங்கையில், றோட்டைப் பார்த்த புது வீடு அவளுக்கு. பின்னால் கிணற்றோடு இருந்த பழைய வீடு எனக்கு. அம்மப்பா அப்படித்தான் பிரித்து எழுதினார். நான் படித்தவள், உத்தியோகம் பார்க்கிறவள், எனக்கு எதுவும் போதும் என்பது அவருடைய எண்ணம். தங்கச்சியின் வீட்டைக் கடக்காமல் என் வீட்டுக்குப் போக வழியில்லை. பள்ளிக்கூடம் விட்டுச் சோதனைச் சாவடியில் வரிசையில் நின்று, பையைக் கொட்டிக் காட்டி, களைத்து வருகிற ஒவ்வொரு நாளும் அவளுடைய பூஞ்சாடிகளைப் பார்த்துக்கொண்டுதான் உள்ளே வந்தேன். அவளுக்குப் பிள்ளையில்லை. ராசன் சித்தப்பா டோகாவில் கிரேன் ஓட்டினார். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறைதான் வருவார். எனக்கு நீ இருந்தாய், அப்பா பக்கத்தில் இருந்தார். அப்படியிருந்தும் நான்தான் அவளைப் பார்த்து எரிந்தேன். இது எப்படி நடந்தது என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

எங்கள் வீட்டிலும் பாட்டுக் கேட்கிற செற் ஒன்று இருந்தது. துறைமுகத்துக்குள் மாதக்கணக்காகக் கட்டிக்கிடந்த வெளிநாட்டுக் கப்பல் ஒன்றின் வானொலி அலுவலர் ஊருக்குத் திரும்பும்போது அப்பாவுக்கு விற்றுவிட்டுப் போனது. சின்ன அம்பிளிபையர், ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் பத்து வாட். அதோடு இடுப்பளவு உயரத்தில் இரண்டு மரப் பெட்டிகள். அந்தப் பெட்டிகள் கொஞ்ச மின்சாரத்தை வாங்கி நிறையப் பாடுகிற சாதி. அப்பா கந்தோரால் வந்து, தேத்தண்ணியோடு கதிரையில் சாய்ந்து, குமிழைக் கால்வாசிக்கும் குறைவாகத் திருப்பிவிட்டுக் கண்ணை மூடுவார். எங்கள் வீட்டில் எனக்குப் பெருமையாக இருந்த ஒரே சாமான் அதுதான்.

அந்த நேரத்தில்தான் டோகாவிலிருந்து சித்தப்பா அனுப்பிய செற் லொறியில் வந்து இறங்கியது. கறுப்பும் வெள்ளியுமாக, ஓடுகிற சிவப்பு லைற்றுகளோடு, அலுமாரி அளவு. சொந்தக்காரர் எல்லாரும் பார்க்க வந்தார்கள். சித்தப்பாவின் தாயும் வந்து முன் கதிரையில் இருந்தார். “எண்ணூறு வாட்ஸாம் அக்கா, பெட்டியிலயே போட்டிருக்குது” என்றாள் வசந்தி, சின்னப்பிள்ளை மாதிரி. நான் செற்றைத் திருப்பி, பின்பக்கத்துத் தகட்டைக் குனிந்து வாசித்தேன். “எண்ணூறு எண்டது விக்கிறதுக்கு எழுதினது. உள்ளுக்கு இருக்கிறது நாப்பது” என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன். சனம் சிரித்தது. நான் அதோடு விடவில்லை. அவர்களை எங்கள் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்து, அப்பாவின் மீற்றரை ஸ்பீக்கர் வயரில் வைத்து, வழக்கமாகக் கேட்கிற அளவில் பாட்டைப் போட்டுக் காட்டினேன். முள் இரண்டு வோல்ற்றில் ஆடியது. “ரெண்டை ரெண்டால பெருக்கி, ஸ்பீக்கரின்ர தடை எட்டு ஓமால பிரிச்சா அரை வாட். வீட்டில பாட்டுக் கேக்க இவ்வளவுதான் வேணும்.” வசந்தி அந்த முள்ளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். “அப்ப மிச்சமெல்லாம் எங்க போகுது அக்கா?” என்று கேட்டாள். “எங்கயும் போகேல்லை. சும்மா கிடக்குது” என்றேன். மாமியார் மருமகளைப் பார்த்த பார்வையையும் நான் கண்டேன். எனக்கு உள்ளே இனித்தது.

நான் சொன்னது உண்மைதான், மகன். உன் கேள்விக்கும் அதுதான் முதற் பாதி. ஸ்பீக்கரோடு வந்த கடதாசியில், ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீற்றர் தூரத்தில் எத்தனை டெசிபல் என்று போட்டிருக்கும். தொண்ணூறு என்றிருந்தால், ஒரு வாட்டிலேயே அது மனிதர் கதைக்கிற சத்தத்தை எத்தனையோ மடங்கு தாண்டிவிடும். வாட்டை இரட்டிப்பாக்கினால் சத்தம் இரட்டிப்பாகாது. மூன்று டெசிபல்தான் கூடும், கவனித்துக் கேட்டால்தான் வித்தியாசம் தெரியும். காதுக்கு இரண்டு மடங்காகத் தோன்ற வேண்டுமென்றால் பத்து மடங்கு வாட் வேண்டும். ஆகவே நூறுக்கும் இருநூறுக்கும் இடையில் சண்டை பிடிப்பதில் பெரிய அர்த்தம் இல்லை. ஆனால் பாட்டில் திடீரென்று மேளம் ஒன்று விழும்போது அந்த ஒரு கணத்துக்கு இருபது, முப்பது மடங்கு தேவைப்படும். அந்த நேரம் அம்பிளிபையருக்குத் திராணி இல்லாவிட்டால் சத்தம் முறிந்து கரகரக்கும். அந்தக் கரகரப்புத்தான் ஸ்பீக்கரின் சின்ன வாயை எரிக்கும். கூடின வாட்டால் எரிகிறதைவிட, குறைந்த வாட்டை முறுக்கிப் பிழிவதால் எரிகிறதே அதிகம். சாதாரண அறைக்கு, நல்ல காதுள்ள இரண்டு பேருக்கு, முப்பது நாற்பது வாட் தாராளம். நல்ல காதுள்ள என்று சொன்னதைக் கவனி. அந்த வார்த்தையை நான் அன்றைக்குச் சொல்லவில்லை, ஏனென்றால் எனக்கு அது தோன்றவில்லை.

என் கணக்கைக் கேட்டபிறகும் நீ அங்கேதான் போனாய். பள்ளிக்கூடத்தால் வந்து சப்பாத்தைக் கழற்றினால் அடுத்த நிமிஷம் சித்தி வீடு. ஒருநாள் நான் மறித்துக் கேட்டேன், எங்கட செற்றுக்கு என்ன குறை என்று. “சித்தி வீட்டுப் பாட்டு நெஞ்சுக்குள்ள கேக்குது அம்மா. எங்கட வீட்டுப் பாட்டு காதுக்குள்ள மட்டும்தான் கேக்குது” என்றாய். பிள்ளை சொன்ன கதை அது. ஆனால் நான் அதைப் பிள்ளை சொன்ன கதையாக எடுக்கவில்லை. அவளுக்கு முன் வீடு கிடைத்தது, இப்போது என் பிள்ளையும் போகிறான் என்று எடுத்தேன்.

பிறகு சந்தைப் பக்கம் ஒரு குண்டு வெடித்தது. வசந்தி மரக்கறி வாங்கப் போயிருந்தாள். நானும் அப்பாவும் ஓடினோம். பாதி வழியில் அவள் எதிரே நடந்து வந்தாள், தலையெல்லாம் சுண்ணாம்புத் தூள், கையில் வெறும் பை. கட்டிப்பிடித்தேன். “ஒண்டுமில்லை அக்கா, ஒண்டுமில்லை” என்றே சொல்லிக்கொண்டிருந்தாள், நான் என்ன கேட்டாலும். கீறல்கூட இல்லை. ஒரு கிழமைக்குள் எல்லாரும் அதை மறந்துவிட்டோம். அந்த நாட்களில் அப்படித்தான். உயிரோடு வந்தவரை மேற்கொண்டு விசாரிப்பதில்லை.

அதற்குப் பிறகுதான் அவளுடைய செற்றின் சத்தம் கூடியது. பாட்டு மட்டுமில்லை. சித்தப்பா கடிதத்துக்குப் பதிலாகக் கசெற்றில் பேசி அனுப்புவார் அல்லவா, அதையும் ஒழுங்கை முனை வரைக்கும் கேட்கப் போட்டாள். புருஷன் தன்னோடு கதைப்பதை ஊருக்குக் காட்டுகிறாள் என்று நினைத்தேன். வேலிப்பக்கம் நின்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க மாட்டாள். தலைக்கனம் என்று நினைத்தேன். நேரே போய்க் கதைத்தால் என் கண்ணைப் பார்க்காமல் வாயைப் பார்த்தாள். என் பல்லைப் பார்த்துச் சிரிக்கிறாளோ என்றுகூட நினைத்தேன். ஒருநாள் மத்தியானம் முனைச் சாவடியிலிருந்து ஆமிக்காரன் ஒருவன் வந்து, சத்தத்தைக் குறைக்கும்படி கையால் காட்டிவிட்டுப் போனான். அவன் வாசலில் வந்து நின்றதே அவளுக்குத் தெரியவில்லை. நிழல் விழுந்த பிறகுதான் திடுக்கிட்டு எழும்பினாள். இவ்வளவையும் என் இரண்டு கண்ணாலும் கண்டேன். அலைகளைப் பற்றியும் காதைப் பற்றியும் வருஷா வருஷம் படிப்பிக்கிறவள் நான். என் மூளை அந்தப் பக்கம் போகவேயில்லை.

லீவில் வந்த ஒருவரிடம் சித்தப்பா இன்னுமொரு சோடி ஸ்பீக்கரும் புதுக் கசெற் ஒன்றும் கொடுத்தனுப்பினார். சனிக்கிழமை காலை வசந்தி வயர்ச் சுருளோடு கொய்யா மரத்தடிக்கு வந்தாள். “அக்கா, இந்த ரெண்டையும் மற்ற ரெண்டோட சேத்துக் கொழுவலாமோ? கதிரைக்குப் பக்கத்தில ஒண்டு வைச்சா நல்லம் போல கிடக்குது. உனக்குத்தானே இதெல்லாம் தெரியும்.” அந்தச் செற்றின் பின்பக்கத் தகட்டை நான் முன்னமே வாசித்தவள். எட்டு ஓமுக்குக் கீழே போகக்கூடாது என்று அதில் தெளிவாக அச்சடித்திருந்தது. இரண்டு சோடியைச் சேர்த்தால் தடை பாதியாகும். அம்பிளிபையர் இரண்டு மடங்கு மின்னோட்டத்தைக் கொடுக்க வேண்டி வரும். அவள் வைக்கிற சத்தத்துக்கு அது நெடுநேரம் தாக்குப்பிடிக்காது. மின்தடையின் அலகு ஓம் என்று கரும்பலகையில் எழுதுகிற நாளில், ஆமென்பதற்கும் எங்களுக்கு அதே சொல் என்பதால், ஒவ்வொரு வகுப்பும் சிரிக்கும், ரீச்சர் எல்லாத்துக்கும் ஓம் எண்டு சொல்லுறா என்று. அன்றைக்கு என் தங்கச்சி கேட்டதற்கும் நான் “ஓம்” என்றுதான் சொன்னேன். வேறு ஒரு சொல்லும் சொல்லவில்லை. பிறகு குசினிக்குள் போய் வெங்காயம் உரித்தேன்.

மத்தியானம் ஒரு மணியிருக்கும், பாட்டு நடுவில் நின்றது. நீ புகை என்று கத்திக்கொண்டு ஓடி வந்தாய். அப்பா போய் மின்சாரத்தை நிற்பாட்டினார். நான் யன்னலோடு நின்று பார்த்தேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, மகன். இதையும் எழுதத்தான் வேண்டும். கொஞ்ச நேரத்தில் வசந்தி அந்தப் புதுக் கசெற்றைக் கையில் பிடித்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தாள். “என்ர செற் எரிஞ்சு போட்டுது அக்கா. இதை ஒருக்கால் உன்ர செற்றில போடுவியோ? அவரின்ர கதை. முதல் பக்கம்கூட முடியேல்லை.”

உன்னை அப்பாவோடு வெளியே அனுப்பிவிட்டுப் போட்டேன். வழக்கமான இடத்தில் குமிழை வைத்தேன். சித்தப்பாவின் குரல் அறைக்குள் ஆள் இருந்து கதைப்பதுபோல் தெளிவாக வந்தது. வசந்தி கதிரையை நகர்த்தி ஸ்பீக்கருக்குக் கிட்டப் போனாள். பிறகு எழும்பி, அதன் துணியில் காதை வைத்தாள். “கொஞ்சம் கூட்டு அக்கா.” கூட்டினேன். “இன்னும்.” பாதிக்கு மேல் போனது. “இன்னும் கூட்டு.” பத்து வாட்டும் முடிந்து குரல் முறிந்து கரகரக்கத் தொடங்கியது. எனக்குக் காது கூசியது. அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். “சத்தம் வருது. சொல் விளங்குதில்லை. என்ன சொல்லுறார் எண்டு நீ சொல்லு.”

அப்போதுதான் எனக்கு விளங்கியது. சந்தையில் அந்தக் குண்டு அவளுடைய இரண்டு காதையும் கெடுத்துவிட்டிருந்தது. பிள்ளையில்லை என்று ஏற்கெனவே கதைக்கிற மாமியாருக்கு இதையும் கொடுக்கக் கூடாது என்று அவள் ஒருவருக்கும் மூச்சுவிடவில்லை. நான் அரை வாட்டில் கேட்பதை, இருபது டெசிபல் இழந்த ஒரு காது கேட்க நூறு மடங்கு வேண்டும். ஐம்பது வாட். அவளுடைய நாற்பது வாட் செற் அதற்கே போதவில்லை. அதனால்தான் கதிரைக்குப் பக்கத்தில் இன்னொரு ஸ்பீக்கர் கேட்டாள். சும்மா கிடக்குது என்று நான் சனத்துக்கு முன்னால் சொன்ன அந்த மிச்ச வாட் முழுவதும் அவளுக்குத் தேவைப்பட்டிருந்தது.

இதை விளங்கிய பிறகாவது நான் திருந்தினேன் என்று நீ நினைப்பாய். இல்லை. கசெற்றைத் திரும்பச் சுற்றி, குறைந்த சத்தத்தில் நான் கேட்டு, அவள் முகத்துக்கு நேரே வாயசைத்துச் சொல்லிக்கொண்டு வந்தேன். சுகம், வெயில், சாப்பாடு. பிறகு சித்தப்பா சொன்னார்: “போன ரெண்டு கசெற்றிலயும் கேட்டனான், நீ பதில் சொல்லேல்லை. கம்பனி குடும்ப விசா தருகுது. இந்த மாத முடிவுக்குள்ள நான் ஓம் எண்டு குடுக்கவேணும். உனக்கு வர விருப்பமில்லை எண்டா அதையாவது சொல்லு, நான் கோவிக்க மாட்டன்.” நான் கசெற்றை நிற்பாட்டினேன். இவள் போகப்போகிறாள். இந்தச் சாவடி, சுற்றிவளைப்பு, ஊரடங்கு எல்லாவற்றையும் விட்டுவிட்டு இவள் போகப்போகிறாள். நான் இங்கே கிடக்கப் போகிறேன். “என்னவாம்?” என்றாள். “வேலை கூடிப்போச்சுதாம். உடம்பைப் பாத்துக்கொள்ளட்டாம்” என்றேன். “அவ்வளவு நேரம் கதைச்சாரே” என்றாள். பிறகு, “அவர் எப்பவும் இழுத்துத்தான் கதைக்கிறவர்” என்று தானே சமாதானம் சொல்லிக்கொண்டு கசெற்றை வாங்கிக்கொண்டு போனாள்.

மூன்று நாள் நான் வாயைத் திறக்கவில்லை. செவ்வாய்க்கிழமை அப்பா எரிந்த செற்றைச் சாக்கில் கட்டி, என்னையும் கூட்டிக்கொண்டு கிண்ணியாவுக்குப் போனார். அங்கே றேடியோ திருத்துகிற நிசாம் நானாவைத்தான் அப்பா நம்புவார். அங்கே பாலம் இன்றைக்கும் இல்லை. ‘பாதை’ என்று நாங்கள் சொல்லுகிற மிதவையில் ஏறித்தான் கடல்வாயைக் கடக்க வேண்டும். நிசாம் நானா மூடியைக் கழற்றி, கருகின பாகங்களை விரலால் தொட்டுப் பார்த்தார். “இதுக்கு ரெண்டு சோடி ஸ்பீக்கர் குடுத்திருக்கு. ஆரு குடுக்கச் சொன்னது? பின்னுக்கு எழுதியிருக்கே” என்றார். “விளங்கின ஒராள் பக்கத்தில இருந்திருந்தா இப்படி விட்டிருக்க மாட்டாங்க” என்று சொல்லிவிட்டு, என்னைப் பார்த்து, “ரீச்சர், தேத்தண்ணி குடிக்கிறீங்களா?” என்று கேட்டார். அவருக்கு ஒன்றும் தெரியாது.

திரும்பி வரும்போது பாதையின் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்பா கேட்டார், “வசந்தி உம்மட்டைக் கேட்டுத்தானே கொழுவினவ?” ஓம் என்றேன். “நீர் தெரிஞ்சுகொண்டுதான் சொன்னனீரோ?” அதற்கும் ஓம் என்றேன். பிறகு கசெற் கதையையும் சொன்னேன், அவளுடைய காதையும் சொன்னேன். அப்பா ஆத்திரப்பட்டு நீ கண்டிருக்க மாட்டாய். அன்றைக்கும் சத்தம் போடவில்லை. இறங்கும்போது, “வீட்டுக்குப் போக முதல் அவவிட்டப் போய்ச் சொல்லும். நான் வர மாட்டன். நீர்தான் சொல்லவேணும்” என்றார்.

நாலு மணி. ஒழுங்கைப் பைப்படியில் ஐந்தாறு பேர் வாளியோடு நின்றார்கள். வசந்தி வாசற்படியில் சுளகில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் குந்தி, மெல்லிய குரலில் சொன்னேன். அவள் என் வாயைப் பார்த்தாள். “என்ன அக்கா? கேக்கேல்லை.” கொஞ்சம் கூட்டிச் சொன்னேன். “விசாவோ? ஆருக்கு விசா?” என்றாள். நான் அழத் தொடங்கியிருந்தேன். அழுதால் வாய் கோணும், அவளால் வாசிக்க ஏலாது. ஆகவே எழும்பி நின்று, வகுப்பின் கடைசி வாங்கில் இருக்கிற பிள்ளைக்கும் கேட்கிற குரலில் சொன்னேன். “உனக்கு விசா வந்திருக்குது. அவர் மூண்டு தரம் கேட்டிட்டார். நான் பொறாமையில உனக்குச் சொல்லாமல் விட்டனான். ஸ்பீக்கர் கொழுவினா எரியுமெண்டும் எனக்குத் தெரியும். தெரிஞ்சுகொண்டுதான் ஓம் எண்டனான்.” பைப்படியில் வாளி நிரம்பி வழிந்தது, ஒருவரும் மூடவில்லை. நீ கொய்யா மரத்தடியில் கிரிக்கெற் மட்டையோடு நின்றாய். உன் காதில் விழுந்தது அதுதான்.

வசந்தி சுளகைக் கீழே வைத்தாள். “விளங்கிச்சுது. மெல்லக் கதை அக்கா, சனம் நிக்குது” என்றாள். பிறகு, “மாத முடிவுக்கு எத்தினை நாள்?” என்றாள். பன்னிரண்டு என்று விரலால் காட்டினேன். அவள் உள்ளே போய்க் கசெற்றையும் ஒரு கொப்பியையும் கொண்டுவந்து என் மடியில் போட்டாள். “அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லையும் எழுதித் தா. ஒண்டும் விடாதை.” பழைய கசெற்றுகள் இரண்டையும் தந்தாள். இரவிரவாக இருந்து எழுதி முடித்தேன். நிறுத்தி, சுற்றி, திரும்பக் கேட்டு, ஒரு மனிதன் தன் மனிசிக்கு மட்டும் சொல்லுகிற சொற்களை எல்லாம் என் கையால் எழுதினேன். அதிலும் எரிந்தேன், மகன். உன் அப்பா தங்கமான மனிதர், ஆனால் அப்படி எனக்கு ஒருநாளும் சொன்னதில்லை. வசந்தி வாசலில் நின்றபடியே முழுவதையும் வாசித்தாள். “உன்ர எழுத்தில வாசிக்க ஒரு மாதிரிக் கிடக்குது” என்று மட்டும் சொன்னாள். அடுத்த நாள் காலை அப்பா தந்தி அடித்தார்.

மூன்று மாதத்தில் அவள் போய்விட்டாள். திருத்தி வந்த செற்றை எனக்குத் தரவில்லை. பைப்படியில் அன்று நின்ற பூமணிக்குக் கொடுத்தாள். எனக்குத் தர வேண்டிய காரணம் ஒன்றும் இல்லை. ஆனாலும் பூமணி வீட்டில் அது பாடும்போதெல்லாம் எனக்குச் சுட்டது. பஸ் ஏறுவதற்கு முன் வசந்தி என் கையைப் பிடித்துச் சொன்னாள்: “செற் எரிஞ்சது போகட்டும் அக்கா. அந்த மூண்டு நாள்தான் எனக்குச் செமிக்குதில்லை.” டோகாவில் வைத்தியர் பார்த்துக் காதுக்குக் கருவி கொடுத்தார்கள். சித்தப்பா அவளை ஒரு குறையும் சொல்லவில்லை. உன்னுடைய ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் அவள் உனக்கு எழுதினாள். எனக்கு வருஷப்பிறப்புக்கு ஒரு அட்டை வரும், நான் சுகம், உன் சுகமறிய ஆவல் என்று இரண்டு வரி. அதைக் குறையாகச் சொல்லவில்லை. அந்த இரண்டு வரியும் எனக்கு அதிகம்தான்.

ஆகவே உன் மாமனார் தருகிற இருநூறு வாட்டை இரண்டு கையாலும் வாங்கு. உங்களுக்கு அரை வாட் போதும்; மிச்சம் அங்கே இருந்து ஒருவருக்கும் தொந்தரவு செய்யாது. குமிழ் உன் கையில்தானே இருக்கிறது. கணக்குச் சொல்லி அவரைச் சிறுமைப்படுத்தாதே. கணக்குத் தெரிந்தவர்களுக்கு அது ஒரு ருசி. நான் ருசி பார்த்தவள். ஒரு வீட்டில் ஆராவது சத்தத்தைக் கூட்டிக் கேட்டால், குறைக்கச் சொல்வதற்கு முதல் அவருக்குக் கிட்டப் போய் இரு. உன் மனிசியின் தங்கச்சி, அண்ணன், கூட்டாளி யாரிடமாவது உன்னிடம் இல்லாத ஒன்று இருந்து உனக்கு எரிந்தால், அன்றைக்கு அவர்கள் கேட்கிற எந்தக் கேள்விக்கும் உடனே ஓம் என்றோ இல்லை என்றோ சொல்லாதே. ஒரு நாள் விட்டுச் சொல். மூதூர்ப் பக்கம் திரும்பவும் வெடிச் சத்தம் கேட்கத் தொடங்கியிருக்கிறது, எப்படியாவது நான் கலியாணத்துக்குக் கொழும்புக்கு வந்து சேருவேன், பயப்படாதே.

ஒரு காரியம் நீதான் பார்க்க வேண்டும். சித்தி டோகாவிலிருந்து நேரே மண்டபத்துக்கு வருகிறாள். மேளத்துக்கும் ஒலிபெருக்கிக்கும் தள்ளி, மணவறையில் இருப்பவர்களின் முகம் தெரிகிற மாதிரி முன்வரிசையில் அவளை இருத்து. கருவி போட்டிருந்தாலும் சனக்கூட்டத்தில் அவளுக்குச் சொல் விளங்காது. மருமகளை அவள் முகத்துக்கு நேரே நின்று, கத்தாமல், ஆறுதலாகக் கதைக்கச் சொல். பக்கத்துக் கதிரையில் ஆர் இருக்க வேண்டும் என்று அவளிடமே கேள். என்னைச் சொன்னால் நான் வந்து இருப்பேன். வேறு ஆரையாவது சொன்னால், அந்த ஆளைப் பார்த்து எனக்கு எரியும். எரியட்டும். நீ அவரைத்தான் அங்கே இருத்து.

அம்மா